கோர்வேரின் பின்னழகு

1960-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஷெவர்லே கோர்வேரை இன்றைக்கும் திட்டுகிறார்கள். நன்றிகெட்ட உலகம். காற்றிலேயே குளிரும் அலுமினிய எஞ்சின், அதுவும் டிக்கி இருக்கவேண்டிய இடத்தில்; நடுவே மேடு தட்டாத தரை; அந்த ஆண்டின் சிறந்த கார் என்று 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகை சூட்டிய பட்டம். இத்தனைக்கும் மேலே, கேட்காமலே கொடுத்த சீதனமாக ஸ்விங் ஆக்ஸில் என்ற பின் சஸ்பென்ஷன்.

அதன் எளிமையே எளிமை. பயந்த சுபாவமுள்ள பொறியாளர்கள் பின் அச்சின் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு ஜாயின்ட் வைப்பார்கள்: டிஃபரன்ஷியல் ஓரம் ஒன்று, சக்கரத்து ஓரம் ஒன்று. சக்கரம் ஏறினாலும் இறங்கினாலும் நிமிர்ந்தே நிற்கட்டும் என்று அவர்களுக்குக் கவலை. ஷெவர்லேக்காரர்கள் தைரியசாலிகள், உள்ளே ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். அச்சு எப்படிச் சாய்கிறதோ அப்படியே சக்கரமும் சாயும். என்ன ஒற்றுமை!

வளைவில் சற்று வேகமாகத் திரும்பிப் பார்த்தால்தான் இதன் பெருமை புரியும். காரின் பின்பக்கம் எம்பும். வெளிப்பக்கச் சக்கரம், மாமனாரைக் கண்ட புது மருமகள்போலக் காலை உள்ளே மடக்கிக்கொள்ளும். டயர் விளிம்பில் மட்டும் நிற்பதால் நடுவில் உள்ள ரப்பரெல்லாம் மிச்சம். பிடிப்பு விடப்போகிறது என்று முன்கூட்டியே முனகித் தொந்தரவு செய்யும் வழக்கமும் கிடையாது. பின்னால் இருக்கும் எஞ்சின் பாரம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வந்த வழியைக் கழுத்தைத் திருப்பாமலே பார்க்கும் பாக்கியம் வேறு எந்தக் குடும்பக் காரில் கிடைக்கும்?

முன்பக்கம் குறுக்கே ஒரு ஆன்டி ரோல் பார் போட்டிருந்தால் இந்தப் பாக்கியம் பலருக்குக் கைநழுவியிருக்கும். சில டாலரில் முடிகிற இரும்புக் கம்பி. நல்லவேளை, சிக்கனம் வென்றது. கோழைகளுக்காக 1962-லிருந்து அதைத் தனிக் காசுக்குக் கொடுத்தார்கள்.

அதற்குப் பதில் காற்றை நம்பினார்கள். முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26. இந்த வித்தியாசம் இருந்தால் வண்டி ஒழுங்காகத் திரும்பும். சஸ்பென்ஷன் வடிவமைப்பின் கடைசி வேலையைப் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையனிடம் ஒப்படைத்த நிறுவனம் வேறு உண்டா? அவன் பழக்கதோஷத்தில் நாலுக்கும் ஒரே அளவு அடித்தால், அது அவன் படிப்பறிவுக் குறை. கையேட்டில் போட்டிருக்கிறதே!

1964-ல் அந்தக் கம்பியும் வந்தது, பின்னால் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங்கும் வந்தது. 1965 மாடலில் சக்கரத்தோரம் இரண்டாவது ஜாயின்ட்டும் வைத்தார்கள். வண்டி அழகாகத் திரும்பத் தொடங்கி, சுவாரஸ்யமே போயிற்று. அதே ஆண்டு நவம்பரில் ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' வெளியானது; முதல் அத்தியாயமே கோர்வேருக்கு. அந்த எழுத்தாளருக்குத் துணையாகத் துப்பறிவாளர்களை அனுப்பிவைத்தது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ். 1966-ல் அதன் தலைவர் செனட் குழுவின் முன்னால் மன்னிப்பும் கேட்டார். புத்தகத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

பழைய கோர்வேரின் மானமும் கடைசியில் காப்பாற்றப்பட்டது. அதே காலத்துச் சில கார்களைவிட அது மோசமில்லை என்று 1972-ல் அமெரிக்க அரசின் சோதனை அறிக்கை நற்சான்று வழங்கியது. உற்பத்தி 1969-லேயே நின்றுவிட்டதால், ஷோரூமில் மாட்டிவைக்கத்தான் வழியில்லை.