படங்கும் டென்ட்டும்

போன வருடம் ஜூலைக் கடைசியில் தங்கை மகன் கொழும்பிலிருந்து கோல் எடுத்தான்.

"மாமா, ஆகஸ்ட்ல யால போறோம். நீங்களும் வாங்க. ஹோட்டல் இல்ல, மாணிக்க கங்கைக் கரையில கேம்பிங். பிரிமிட்டிவ் கேம்பிங்."

"அப்படீன்னா?"

"கரண்ட் கிடையாது. டாய்லட் கிடையாது, குழி வெட்டிக்கணும். குளிக்க ஆத்துத் தண்ணி. சுத்திவர காடு. ராத்திரிக்கு ஒரு லாம்பு, அவ்வளவுதான்."

"இதுக்கு ஏண்டா யால வரைக்கும் போகணும்? நான் பொறந்த லயம் இன்னும் அப்படியேதானே இருக்கு."

அவன் சிரித்தான். பிறகு தலைக்கு எவ்வளவு வரும் என்று சொன்னான். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

என் வீடு கொஸ்லந்தை. பிறந்தது அதற்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் எட்டுப் பேர் வளர்ந்தோம். மருமகன் வாங்கிவைத்திருந்த ஆறு பேர் டென்ட்டைப் பிறகு ஆற்றங்கரையில் விரித்தபோது மனதுக்குள் அளந்து பார்த்தேன். கிட்டத்தட்ட அதே காம்பராதான். ஒரு வித்தியாசம், இது ஒழுகாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மாணிக்க கங்கைக் கரையில் நான் படுத்தது அது முதல் தடவையல்ல. 1974 ஆடியில், ஒன்பது வயதில், அங்கே மூன்று இரவு படுத்திருக்கிறேன். அந்த வருடம் எனக்குச் செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிப் பிழைத்தேன். பிழைத்தால் கொஸ்லந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு நடத்தியே கூட்டிவருகிறேன் என்று அப்பாயி முருகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். நடக்கவேண்டியவனை யாரும் கேட்கவில்லை.

கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சி லீவு வாங்கிப் பதினான்கு பேர் புறப்பட்டோம். எங்கள் கேம்பிங் சாமான்களைச் சொல்கிறேன்: கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு ஏழெட்டு, மழைக்குத் தலையில் போடுகிற கம்பளி, ஒரு குண்டான், சிரட்டை அகப்பை, பழைய துணியில் முடிந்த ரொட்டியும் சம்பலும், விபூதிப் பை. படங்கு பகலில் மூட்டை, ராத்திரியில் பாய், தூறல் விழுந்தால் கூரை. மூன்று வேலைக்கும் ஒரே சாமான். இதை இன்றைக்குக் கொழும்புக் கடையில் வைத்தால் 'மல்டி பர்ப்பஸ்' என்று எழுதி விலையை மூன்று மடங்காக்குவார்கள்.

அரிசிதான் பெரிய பிரச்சினை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு 'ஹால் பொல்ல' என்றால் விளங்காது. சிறிமாவோ அம்மையார் ஆட்சியில், பஞ்ச காலத்தில், அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகாமல் தடுக்க ரோட்டுக்குக் குறுக்கே தடி போட்டு மறித்துச் சோதிப்பார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தால் பறிமுதல், வழக்கு. தோட்டங்களில் ஆட்கள் பசியில் செத்த காலம் அது. எப்படியோ சேர்த்துவைத்த கொஞ்ச அரிசியை அப்பாயி நீளத் துணிப்பையில் தைத்து என் வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். மேலே அண்ணனுடைய பெரிய சட்டை. மலையிறங்கி வெல்லவாயப் பக்கம் வந்ததும் மறித்தார்கள். மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்த அதிகாரி கடைசியில் என் தொப்பையைத் தட்டி, நல்லாச் சாப்பிடுகிற பிள்ளை என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். 1974ல், தோட்டத்துப் பையன், அதுவும் செங்கமாரி வந்து எழுந்தவன், தொப்பையோடு நிற்கிறான். அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நல்ல மனிதர், அல்லது தெரிந்தே விட்டார்.

வெல்லவாய, பிறகு புத்தல. புத்தலயிலிருந்து கதிர்காமம் வரை காடு. இப்போது தார் ரோடு. என் நினைவில் இருப்பது செம்மண் தடமும் இரண்டு பக்கமும் முள்ளும்தான். நடுவில் கல்கே என்ற இடத்தில் இருட்டிவிட்டது. "ஆனைன்னு சொல்லாத, பிள்ளையார்னு சொல்லு" என்று அப்பாயி என் வாயைப் பொத்தினாள். பேர் சொன்னால் வந்துவிடுமாம். சுற்றிவர நெருப்பு மூட்டி நடுவில் பிள்ளைகளைப் படுக்கவைத்தார்கள். என் தொப்பையிலிருந்து இரண்டு பிடி எடுத்துக் கஞ்சி வைத்தார்கள். தூரத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பயத்துக்கு அன்றைக்கு யாரும் கட்டணம் கேட்கவில்லை.

மறுநாள் பொழுதுபட மாணிக்க கங்கை. மருத மரங்கள் ஆற்றுக்கு மேலே கூரை மாதிரிக் கவிந்திருந்தன. அடியில் மணல் தெரியாமல் சனம். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள் உகந்தை முருகனிடம் கும்பிட்டு, குமண காட்டுக்குள் நடந்து, கும்புக்கன் ஆற்றைக் கடந்து வந்திருந்தார்கள். அவர்கள் வழியோடு பார்த்தால் எங்கள் நடை சும்மா உலாத்தல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று கல், ஒரு அடுப்பு. பக்கத்து அடுப்பில் சிங்களக் குடும்பம் ஒன்று பலாக்கொட்டை அவித்து எங்களுக்கும் கொடுத்தது. குடிக்கிற தண்ணிக்கு அப்பாயி மணலில் கையால் ஊற்றுத் தோண்டினாள். முதல் தண்ணியை இறைத்து ஊற்றிவிட்டு, தெளியவிட்டு, சிரட்டையால் மொண்டாள்.

அந்தக் கரையில் சனம் படுப்பதைப் பார்த்து அரசாங்கம் எப்போதும் பயந்துதான் வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வாந்திபேதி பரவுமென்று யாத்திரிகர்களைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டார்கள். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப், பிற்காலத்தில் வெர்ஜீனியா வுல்ஃபின் கணவர், இந்தத் திருவிழாவை மேற்பார்க்கக் காட்டுவழியே வந்து தங்க வேண்டியிருந்தது. அவருக்கு அது உத்தியோகம். எங்களுக்கு நேர்த்தி. மருமகனுக்கு வீக்கெண்ட்.

சரி, ஆகஸ்ட்டுக்கு வருகிறேன்.

வேன் கொஸ்லந்தையில் என்னை ஏற்றிக்கொண்டு இறங்கியது. தியலுமவில் நிறுத்தச் சொன்னார்கள், படம் எடுக்க. 220 மீட்டர் உயரத்திலிருந்து பூனாகலை ஓயா விழுகிறது. இந்த நாட்டில் உயரத்தில் இரண்டாவது. நாங்கள் நடந்துபோன அன்று பெரியவர்கள் பாலத்தில் நின்று கும்பிட்டுவிட்டு நடையைத் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான். நீர்வீழ்ச்சியின் தலைமாட்டுக்கு, மானாப்புல் மேட்டுக்கு, விறகுக்கும் மாட்டுப் புல்லுக்கும் போவார்களே தவிர ஒருவரும் அங்கே படுக்கப் போனதில்லை. இப்போது அங்கே மஞ்சளும் ஆரஞ்சுமாக டென்ட். கொஸ்லந்தை ஆட்டோப் பையன்களுக்கு நல்ல உழைப்பு. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை.

"மேல போய் ஒரு நாள் டென்ட் போடணும் மாமா" என்றாள் மருமகனின் மனைவி.

அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவுமில்லை. அந்த மேட்டுக்கு அப்பால்தான் மீரியபெத்த. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மிஞ்சியவர்கள் முதலில் பள்ளிக்கூடத்தில், பிறகு நீண்ட காலம் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பாயை விரித்து இருந்தார்கள். 'முகாம்' என்றுதான் அதற்கும் பெயர். எங்கள் வாயில் அந்தச் சொல் சந்தோஷமாக வந்ததே இல்லை. அகதி முகாம், ராணுவ முகாம், வெள்ள முகாம். 2009ல் வவுனியாப் பக்கம் லட்சக்கணக்கான சனத்தைக் கம்பி வேலிக்குள் வைத்த இடத்துக்கும் மெனிக் பாம் என்று மாணிக்கப் பெயர்தான். இப்போது பிள்ளைகள் 'கேம்ப்' என்று சொல்லிக் குதிக்கிறார்கள். நல்லதுதான், சொல்லுக்கும் ஒரு விமோசனம் வேண்டாமா.

புத்தல ரோட்டில் பிள்ளையார் நேரிலேயே நின்றார். ரோட்டு நடுவில், ஒற்றையாக, துதிக்கையை வேன் கண்ணாடிக்கு நேரே நீட்டிக்கொண்டு. வருகிற வாகனங்களை மறித்துப் பழம் வாங்கிச் சாப்பிடப் பழகிவிட்டார். கொடுக்கக் கூடாது என்று சட்டம். கொடுக்காமல் தாண்டுவது எப்படியென்று சட்டத்தில் இல்லை. சாரதி ஒரு சீப்பு வாழைப்பழத்தை வெளியே எறிந்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னே நாங்கள் பேர் சொல்லவே பயந்தவர், இன்றைக்கு ஹால் பொல்லக்காரர் வேலையை எடுத்துக்கொண்டார். என் வயிற்றை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

யால வாசலில் டிக்கட், பதிவு, கையொப்பம். இது பொதுமக்களின் காணி, நமக்குப் பொறுப்பு இருக்கிறது என்று மருமகன் எல்லோருக்கும் வகுப்பெடுத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து அப்பாயி எந்த நாட்டுப் பொதுமக்களிலும் சேர்த்தியில்லை. 1974ல் எங்கள் லயத்தில் பாதிப் பேர் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டுக்காரி என்று தெரியாத ஒருத்திதான் அந்த ஆற்று மணலில் என்னைத் தூங்கவைத்தாள். கதிர்காமத்தில் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

எங்களோடு அனுப்பப்பட்ட வழிகாட்டி புத்தலப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும், கொஞ்சம் தமிழ் பேசுவான். சாமான்களை இறக்கி, பொலித்தீன், பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொப்பியில் எழுதினான். பதினொன்று. வெளியே போகும்போது பதினொன்றும் காட்டவேண்டும். ஒன்று குறைந்தாலும் அவன் தலையில்தான்.

அதே மாணிக்க கங்கை, கதிர்காமத்துக்குக் கீழே, கடலுக்குப் போகிற வழியில். அதே மருத மரம். வறட்சியில் ஆறு மெலிந்து மணலில் குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது. மருமகன் மடக்கு மண்வெட்டியால் கக்கூஸ் குழி வெட்டினான். அதன் விலை மூன்று நாள் கொழுந்துச் சம்பளத்துக்கு மேலே. கால்மணி நேரத்தில் கையில் கொப்புளம். நான் வாங்கி வெட்டி முடித்தேன். கான் வெட்டிய வம்சம்.

ராத்திரி ஒரு கூத்து. மருமகனுக்குச் சத்தமில்லாமல் தூக்கம் வராது. கொழும்பில் தினமும் போனில் ஆறு ஓடுகிற சத்தம் வைத்துக்கொண்டுதான் தூங்குவானாம். உண்மையான ஆறு வற்றிப்போய் வாய் திறக்காமல் கிடந்தது. ஆகவே டென்ட்டுக்குள் போன் ஆறு சலசலவென்று ஓடியது. பத்து யார் தள்ளி மாணிக்க கங்கை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கமில்லை. வழிகாட்டிப் பையனும் முழித்திருந்தான். அவனுக்கு எங்கெல்பிரெக்ட் கதை சொன்னேன். இந்தக் காட்டின் முதல் காவலன் எங்கள் பக்கத்து முகாமிலிருந்து வந்தவன் என்று ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். 1900ல் தென்னாபிரிக்காவில் பிடித்த போயர் கைதிகளைக் கொண்டுவந்து தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள், சுமார் ஐயாயிரம் பேர். சண்டை முடிந்து பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பினார்கள். பிரிட்டிஷ் அரசனுக்கு விசுவாசம் சொல்ல மாட்டேன் என்று எங்கெல்பிரெக்ட் நின்றுவிட்டான். திரும்பிப் போக வழியில்லை. 1908ல் அவனையே யாலக் காட்டுக்குக் காவல் வைத்தார்கள். முதலாம் உலகப் போரில், கடலில் வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனுக்கு இவன் இறைச்சி கொடுத்தான் என்று யாரோ கிளப்பிவிட, பிடித்து உள்ளே போட்டார்கள். பிறகு பொய் என்று தெளிந்தது. நம்மூரில் கெட்டிக்காரனை எம்டன் என்கிறோமே, அந்த எம்டன்தான். பாவம், இவன் எம்டனும் இல்லை. ஊருக்குப் போக விடவில்லை, இருக்கிற இடத்திலும் நம்பவில்லை. இந்தக் கதை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும்.

"சேர் ஸ்கூல்லயும் இப்படித்தான் நித்திர இல்லாம படிப்பிச்சதா?" என்றான் பையன். நல்ல கேள்வி.

விடியலில் ஒருவரும் எழும்பவில்லை. நான் மணலில் உட்கார்ந்து கையால் ஊற்றுத் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் தண்ணி கசிந்தது. முதலில் கலங்கல், அதை இறைத்தேன், தெளிந்தது. அதற்குள் பையன் ஓடிவந்தான்: முதலை இருக்கு சேர், கரைக்கு வாங்க. ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு மேலே வந்தேன். மடியிலிருந்த விபூதியை எடுத்துப் பூசினேன். எழுந்துவந்த மருமகன் ஊற்றை மட்டும் படம் எடுத்தான். நன்றாக வந்திருந்தது.

புறப்படும்போது பையன் கொப்பியைத் திறந்து எண்ணினான். பத்து. மறுபடி எண்ணினான். பத்து. டென்ட்டை உதறினார்கள், கூலர் பெட்டியைக் கவிழ்த்தார்கள், மருமகன் குழிப் பக்கம்கூடப் போய்ப் பார்த்து வந்தான். பையன் முகம் சுண்டிவிட்டது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்து மடியை அவிழ்த்தேன். கொஞ்சம் விபூதி மிஞ்சியிருந்த சின்னப் பொலித்தீன் உறை. நேற்று எண்ணுவதற்காக நான்தான் அதை வெளியே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

வாங்கிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி, மிச்சத்தை உள்ளங்கையில் கொட்டி, நெற்றியில் பூசிக்கொண்டான். உறையை நன்றாக உதறி மற்றதோடு வைத்தான்.

"பதினொன்று" என்று எழுதினான்.