ஒறம்பரைக்கு ஊரு காட்டற வித்தை

"கோயமுத்தூருல பாக்கறதுக்கு என்னங் அப்பாரு இருக்குது? சேத்தாளிக வந்தா நேரா ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருவேனுங்" அப்படின்னு சொல்லிப்போட்டே. நல்லது கண்ணு. கம்பெனி வேலையா நீ போகப்போற அந்தப் பிரேசில் ஊரு சாவோ பாலோவுக்கு மட்டும் நாலு பக்கத்துக்கு லிஸ்ட்டு போட்டு வெச்சிருக்கறே. எந்தப் பூங்கா, எந்த மியூசியம், எந்தச் சந்தையில எந்த ரொட்டின்னு எல்லாமே அதுல இருக்குது. பொறந்து வளந்த ஊருக்கு ஒரு துண்டுச் சீட்டைக் காணோம். உன்ற மெட்ராஸ் சேத்தாளிக வர்றப்ப என்ன பண்ணோணும்னு நான் சொல்றேன், எழுதிக்க.

வந்து எறங்குனதும் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணி குடு. கையில பாட்டில் தண்ணி வெச்சிருந்தாங்கன்னா, வாங்கிச் செடிக்கு ஊத்திரு. சிறுவாணி அணை கேரளாவுல இருக்குது, மலையைக் கொடஞ்சு தண்ணிய இங்க கொண்டாந்தாங்க. அதுக்கு ஒத்தக்கால்ல நின்னவரு ரத்தினசபாபதி முதலியாரு. நீ சனிக்கிழமையானா சுத்தப்போற ஆர்.எஸ்.புரம் அவரு பேருதான், ஏதோ இங்கிலீஷ்காரன் பேருன்னு நெனச்சுட்டிருக்காதே. தண்ணி இனிக்குதுன்னு அவிய சொல்லுவாங்க. "ஆமாங்க"ன்னு சொல்லி அதோட நிறுத்திக்க. கோடையில கொழாயில எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுன்னு கேக்கறதுக்குள்ள பேச்சை மாத்திப்போடு.

பொறவு சோறு. ஓட்டல் இட்லி சாம்பாரெல்லாம் அவியளே போயித் தின்னுக்குவாங்க, அதுக்கு நீ வேண்டியதில்லை. ஊட்டுக்குக் கூட்டியாந்து அரிசிம்பருப்புச் சோறு போடு. சின்ன வெங்காயம், பூண்டு, வரமொளகா, சீரகம், ரெண்டு சில்லுத் தேங்கா, துவரம்பருப்பு, எல்லாம் ஒரே சட்டியில. நெய்யை நீயே ஊத்து. அவிய கையில குடுத்தா கொழுப்புக் கணக்குப் பாத்து சொட்டுச் சொட்டா உடுவாங்க. பொழுதோட தள்ளுவண்டியில காளான் வாங்கிக் குடு. அதுல முட்டைக்கோசு எச்சாத்தான் இருக்கும், காளானைத் தேடிப் புடிக்கோணும். தேடிக் கெடச்சவன் கெட்டிக்காரன்னு சொல்லிரு, சண்டை வராது.

அவிநாசி ரோட்டுல இப்ப 10.1 கிலோமீட்டருக்குப் பாலம் கட்டி, 2025 அக்டோபர்ல தொறந்துட்டாங்க, ஜி.டி.நாயுடு பேரு வெச்சு. மேல ஏறுனா ஊரே தெரியாம ஊரைத் தாண்டிரலாம். அதனால ஒறம்பரையோட வர்றப்ப கீழயே வா. கீழ வந்தாத்தான் ஜி.டி. கார் மியூசியம் இருக்குது. எம்பது தொண்ணூறு வருசத்து வண்டியெல்லாம் கண்ணாடியாட்டத் தொடச்சு நிறுத்தி வெச்சிருக்கறாங்க. நாயுடு படிப்பைப் பாதியில உட்டவரு. 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸு உட்டாரு. 1937ல பாலசுந்தரம் நாயுடுவும் அவருமாச் சேந்து கரண்டு மோட்டாரு பண்ணுனாங்க. நீ பாட்டுக்குப் படிப்புக் கதையை இழுத்துப் பேசிறாதே, உன்ற தம்பி பக்கத்துல இருப்பான், பரீச்சைக்குப் படிக்கச் சொன்னா நாயுடுவைக் காட்டுவான். அந்த மோட்டாரு என்ன பெருசுன்னு கேக்கறவங்களுக்கு நம்ம தோட்டத்துக் கெணத்தைக் காட்டு. அதுல உன்ற பாட்டன் வெடியால மாடு பூட்டிக் கவலை எறைச்சவரு. மாடு முன்ன போனா பறி மேல வரும், பின்ன போனா கீழ எறங்கும். பொழுதன்னைக்கும் அதே வேலை. கரண்டு மோட்டாரு வந்தப்பதான் அந்த மாட்டுக்கும் மனுசனுக்கும் முதுகு நிமுந்துது. கெணத்தை எட்டிப் பாக்கறப்ப போட்டோவுக்குன்னு சாஞ்சறாமப் பாத்துக்க. நல்ல ஆழம்.

பேரூருக்குக் கூட்டிட்டுப் போ. பட்டீசுவரர் கோயில் கனகசபையில கல்லுலயே சங்கிலி கொத்தித் தொங்க உட்டிருக்கறாங்க. அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிச்சதும் வெளிய வந்து எறவாப் பனையும் பொறவாப் புளியும் காட்டு. அந்தப் புளியங்கொட்டை மொளைக்காதுங்கறது ஐதீகம், இந்த மண்ணுல செத்தா மறுபொறப்புக் கெடையாதுங்கறதுக்கு அது அடையாளமாம். உன்ற சேத்தாளி ஒருத்தன் விஞ்ஞானம் பேசுவான். பேசட்டும். கொட்டையைப் பையில போட்டுட்டுப் போயி மாடியில தொட்டி வெச்சுப் பாப்பான் பாரு, அவன்தான் எல்லாரையும் உட எச்சா நம்புறவன்.

இனி நீ கண்டுக்காத எடத்துக்கு வர்றேன். வேளாண்மைக் காலேஜுக்குப் பக்கத்துலயே கரும்பு இனப்பெருக்க நெலையம் இருக்குது, 1912ல வந்தது. நீ அந்த வழியா மருதமலைக்கு வண்டியில போறப்ப காதுல பாட்டை மாட்டிட்டுத் தாண்டிருப்பே. இந்த ஊருக் காத்துக்கும் பதத்துக்கும் கரும்பு நல்லாப் பூக்கும், வெதை புடிக்கும். பூத்தாத்தானே ஒண்ணுக்கொண்ணு கலக்க முடியும்? அங்க பார்பர் தொரையும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடிச்ச தோட்டக் கரும்பையும் ஆத்தோரத்துப் பேய்க்கரும்பையும் கலந்தாங்க. பேய்க்கரும்புன்னா நாணலு, மாடு மேச்சல்ல மிதிச்சுட்டுப் போறது. சொந்தக்காரன் கேட்டிருந்தா "இந்தச் சம்பந்தம் ஆவாது"ன்னு சொல்லியிருப்பான். இவிய கட்டி வெச்சாங்க. 1918ல கோ 205 வந்துது. நாணலோட வம்பும் தெம்பும் அதுல எறங்கி, வடக்க குளுருல, பஞ்சாப் பக்கம் நட்டாலும் தாட்டியமா வெளஞ்சுது. அதே நெலையத்துல பொறந்த கோ 290, கோ 419 எல்லாம் கடலைத் தாண்டி உன்ற பிரேசில் வரைக்கும் போச்சு. ஜானகி அம்மாள்னு ஒரு அம்மா, தாவர விஞ்ஞானி, இங்க உக்காந்துதான் கரும்போட குரோமோசோமை எண்ணுனாங்க.

இன்னைக்கு உலகத்துலயே எச்சாக் கரும்பு வெளையறது பிரேசில்ல, அதுலயும் சாவோ பாலோ மாநிலத்துல. அங்க கரும்புச் சாராயத்தை ஊத்திக் காரு ஓட்டறாங்க. நம்மூருல ஊத்துனா ஓடறதில்லை, உழுகறாங்க. நீ அங்க போயி ஆளு ஒசரக் கரும்புக் காட்டுக்கு முன்னால நின்னு படம் புடிச்சு அனுப்புவே. அதோட பாட்டன் பூட்டன் யாருன்னு வெள்ளைக்காரன் கேட்டா "தெரியலீங்க"ன்னு முழிப்பே. அதுக்கு முன்னால அனுமதி கேட்டுக்கிட்டு ஒருக்கா அந்த நெலையத்துக்குப் போயிட்டு வந்திரு. கேட்டாத்தான் உள்ள உடுவாங்க, ரோட்டோரத்துல நின்னு படம் புடிச்சா வேலிதான் வரும்.

சாவோ பாலோவுல ஞாயித்துக்கெழமை பெரிய ரோட்டுல காரை நிறுத்திப்போட்டுச் சனங்களை நடக்க உடறாங்களாமே? நம்ம ரேஸ்கோர்ஸையும் காட்டு. கிட்டத்தட்ட ரெண்டரைக் கிலோமீட்டர் வட்டம். அதைச் சுத்தி நடக்கறதுக்கு அஞ்சு கிலோமீட்டர் காருல வர்றவங்க நம்ம ஆளுங்க. எங்கியும் போய்ச் சேராம வேகு வேகுனு நடக்கறாங்களே, எங்க போறாங்கன்னு சேத்தாளிக கேட்டா, "காப்பிக் கடைக்குங்க"ன்னு சொல்லு.

வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறோணும்னு எவனாச்சும் துடிச்சா, மாசி பங்குனியில வரச் சொல்லு. வெளையாட்டில்லை, ஏழாவது மலையில மூச்சு கைக்கு வரும். மூங்கில் தடியைக் கையில குடு, வாயைக் கட்டிக்கச் சொல்லு.

ஊட்டிக்குப் போக வேண்டாம்னு நான் சொல்லலை. போங்க. ஆனா மேட்டுப்பாளையத்துல மலை ரயில்ல ஏறிப் போங்க. கல்லாறு தாண்டுனதும் தண்டவாளத்துக்கு நடுவால இருக்கற பல்லுச் சட்டத்தைக் கவ்விக்கிட்டு இஞ்சின் ஏறும். 2005ல அதை உலகப் பாரம்பரியச் சின்னமாச் சேத்தாச்சு. டிக்கெட்டை முன்னாடியே வாங்கிப்போடு, அன்னைக்குப் போயி நின்னா கையாட்டி வழியனுப்பிட்டுத்தான் வரோணும்.

இன்னொண்ணு, மறந்துறாதே. திங்கக்கெழமை மட்டும் அவியளை வரச் சொல்லாதே. கார் மியூசியம் லீவு, கோவைக் குற்றால அருவியும் லீவு. நாயம் பேசறதுக்கு நான் மட்டுந்தான் தொறந்திருப்பேன்.