கத்திரியில் குறிஞ்சி: கல்லூரி நண்பர் கூட்டம் பற்றி ஒரு திணையாய்வு

கல்லூரி முடித்துப் பல்லாண்டுகள் கழிந்தபின், மே மாதத்தில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கொடைக்கானல் ஏறும் நடுவயது ஆண்கள் தமிழ் ஆய்வுலகின் கண்ணில் இன்னும் படவில்லை. நாட்டுப்புறவியலார் தெருக்கூத்தையும் தாலாட்டையும் பிடித்துக்கொண்டார்கள். சமூகவியலார் தேர்தலைப் பிடித்துக்கொண்டார்கள். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறும் டெம்போ டிராவலர் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையை நீக்க இக்கட்டுரை முனைகிறது.

முதலில் திணை. நிலம் பழனி மலை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி, ஐயமின்றிக் குறிஞ்சி. பொழுதோ அக்கினி நட்சத்திரம். வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. நிலம் மயங்காது, காலம் மயங்கலாம் என்று மரபு இடம் கொடுத்திருப்பதால் தொல்காப்பியருக்கு இதில் ஆட்சேபணை இராது. சிக்கல் உரிப்பொருளில்தான். ஐந்து திணைக்குமான ஐந்து உரிப்பொருளும் இங்கே ஒரே வாரத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. பிரிதல் வீட்டாரிடமிருந்து; அதற்கு அனுமதி பெறும் உத்திகள் தனி நூலாக விரியத்தக்கவை. இருத்தல் ஆரப்பாளையத்தில்: விடிகாலையிலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள், “பக்கத்துல வந்துட்டேன் மாப்ள” என்று வீட்டுக் குளியலறையிலிருந்து பேசுகிறவனுக்காக ஆற்றியிருப்பது. ஊடல் முன்சீட்டு பற்றியது. இரங்கல் ஏரிச்சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காதபோது. கூடல், இவையெல்லாம் தீர்ந்து அறைச் சாவி கைக்கு வந்த பிறகு.

தாமதம் பற்றி ஒரு விதியைத் துணிந்து முன்வைக்கலாம்: வருபவரின் தாமதம், அவர் கடக்க வேண்டிய தொலைவுக்கு எதிர்விகிதத்தில் அமையும். துபாயிலிருந்து வந்தவர் முந்திய இரவே லாட்ஜில் தங்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் காத்திருந்தார். குளியலறைக்காரருக்கு வீடு அரசரடி. இவ்விதிக்குச் சங்கச் சான்றும் உண்டு. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் பார்த்தேயிராத பிசிராந்தையார் கட்டாயம் வருவார் என்று சொல்லி அவருக்கு ஓர் இடம் ஒதுக்கிவைக்கச் சொன்னான். தமிழில் பதிவான முதல் சீட்டுப் பிடித்தல் இதுவே என்பது என் துணிபு. துண்டு போட்டார்களா என்பது தெரியவில்லை. பாண்டி நாட்டிலிருந்து புறப்பட்ட புலவர் சொன்னபடி வந்து சேர்ந்தார். இத்தனை வயதாகியும் நரை இல்லையே என்று அவரைக் கேட்டவர்களுக்கு, நல்ல மனைவி, நல்ல மக்கள், நல்ல அரசன், ஊரில் சான்றோர் என்று காரணம் அடுக்கினார். அதே கேள்விக்கு எங்கள் வண்டியில் கிடைத்த விடை ஒரே சொல்: “டை.”

பயணிகளின் எண்ணிக்கையை முன்கூட்டி அறிவது நெடுங்காலமாக இயலாத காரியமாக இருந்தது. பிப்ரவரியில் “நான் கன்ஃபார்ம்” என்று முதலில் கைதூக்குபவர் மே மாதம் மச்சினன் வீட்டு விசேஷத்தில் இருப்பார். இதைத் தீர்த்துவைத்தது சென்னை உயர் நீதிமன்றம். அதன் உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வாகனத்தில் செல்ல இ-பாஸ் வேண்டும். படிவத்தில் எத்தனை பேர் என்று எழுதியாக வேண்டும். மலைக்கு நெரிசல் குறைய வந்த ஏற்பாடு எங்களுக்குத் தலை எண்ணிக் கொடுத்தது.

இடங்களைச் சுருக்கமாகக் கூறுவோம். ஏரி 1863-இல் மதுரை கலெக்டராயிருந்த லெவிஞ்ச் உருவாக்கியது, சுற்றி வந்தோம். தூண் பாறையைப் பார்க்கப் போய்ப் பனிமூட்டத்தைப் பார்த்தோம். குணா குகை வாசலில் ஆளுக்கு ஒருமுறை கமல் ஆனோம்; 1991-இல் வந்த ஒரு படம் இன்னும் வாங்கும் வேலை அது. பிளம்ஸ் வாங்கினோம், புளித்தது.

உண்மையான களம் அறைதான். ஜன்னலுக்கு வெளியே கொடைக்கானல் நிற்க, உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லாரும் கல்லூரி விடுதியின் பின்சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் ஆட்டம் பார்க்க ஏறிக் குதித்த சுவர். பழைய சந்திப்புகளில் அது மார்பளவே இருந்தது. பிறகு தலைக்கு மேல் போயிற்று. இம்முறை உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள், அடியில் ஒரு நாயும் கட்டியிருந்தது. கதையைச் சொன்னவர் கட்டிலில் ஏறி நின்று, லுங்கியை மடித்துக் கட்டி, எந்தக் காலை முதலில் தூக்கினார் என்று காட்டினார். மூட்டுவலித் தைலம் மணந்தது. “டேய், குதிச்சது நானு. நீ கீழ நின்னு செருப்பைப் பிடிச்சுக்கிட்டிருந்த” என்றார் மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர். வாக்கெடுப்பு நடந்தது. சமநிலை. அன்றைக்குப் பார்த்த படம் எது என்று மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை.

ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு உணவகத்தில் நிகழ்ந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-இல் ஒன்றைக் கண்டறிந்தார்: சூரியப்புள்ளியில் வாயு மையத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கிடைமட்டமாகப் பாய்கிறது. எவர்ஷெட் விளைவு என்று அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. அதே மலையில், பில் வந்து மேசை நடுவில் வைக்கப்பட்டதும் அதே பாய்ச்சலை நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். ஒருவருக்கு போன் வந்தது. ஒருவர் கை கழுவப் போனார், முன்பே கழுவியிருந்தார். ஒருவர் ஸ்வெட்டரை வண்டியில் விட்டுவிட்டதாகச் சொன்னார், அதைப் போட்டிருந்தார். மையத்தில் எஞ்சியவர் துபாய்க்காரர்.

அடுத்த கள ஆய்வு வால்பாறை என்று இறங்கும்போதே முடிவாயிற்று. தேதி மட்டும் முடிவாகவில்லை. இதற்கிடையே, டீசல் பங்கை இன்னும் அனுப்பாத அரசரடி நண்பர் இக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தால், இன்றே ஜிபே செய்துவிடும்படி ஆய்வாளர் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்.