துப்பு இருக்கா, மாமா?

நண்டு வியாபாரி, மீமிசல்: சட்டையெல்லாம் ரத்தக் கறை. போலீஸ் மடக்கினால் "மீன் ரத்தம்" என்றால் விடுவார்களா?

நீர் சொன்னால் விடமாட்டார்கள். புரதம் சொன்னால் விடுவார்கள். 1901-லேயே ஜெர்மனியின் உலன்ஹூத் வழி காட்டிவிட்டார். முயலிடமிருந்து எடுத்த எதிர்சீரம் மனித ரத்தப் புரதத்தைக் கண்டால் வெள்ளையாகத் திரியும், மீனைக் கண்டால் சும்மா இருக்கும். நண்டு ரத்தம் என்றால் இரும்புக்குப் பதில் செம்பு, காற்றுப் பட்டால் நீலம். மடக்குகிறவர் சொட்டு நீலம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ரேஷன் கார்டுதாரர், ஆவுடையார்கோவில்: லஞ்சம் வாங்கியவர் கை இளஞ்சிவப்பானதாமே, என்ன மாயம்?

நோட்டில் தடவிய பினாப்தலின் பவுடர். கையை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் குட்டு வெளிப்படும். இதையே நிறமிழக்கச் செய்து, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால், ரத்தத்து ஹீமோகுளோபினின் இரும்பு பட்டாலும் சிவக்கும். கொலைக்கும் லஞ்சத்துக்கும் ஒரே பொடி! ஒரு காலத்தில் இது பேதி மருந்து. சிலருக்கு இன்றைக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது.

கல்லூரி மாணவி, அறந்தாங்கி: ஒரு சொட்டு ரத்தம் போதுமா, ஆளைச் சொல்ல?

போதும். ஆனால் சிவப்பணுவைக் கேட்காதே. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அதனால் அதில் உட்கரு டி.என்.ஏ.வும் இல்லை. பெயரைப் போட்டுக்கொடுப்பது வெள்ளையணு. கூட்டத்தில் கலர் காட்டுகிறவன் ஒருவன், காட்டிக்கொடுக்கிறவன் வேறொருவன்.

துப்பறியும் கதைப் பிரியர், மணமேல்குடி: பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டால்?

லூமினால் தெளித்து விளக்கை அணைத்தால் ரத்தமும் நீலமாக ஒளிரும், பிளீச்சிங்கும் ஒளிரும். ஆய்வாளர் கொஞ்சம் குழம்பலாம். நடுராத்திரியில் வீட்டுக்கு பிளீச்சிங் போட்டவன் யார் என்று இன்ஸ்பெக்டர் குழம்பமாட்டார்.

பீடிப் பிரியர், கோட்டைப்பட்டினம்: அணைத்துப் போட்ட பீடித் துண்டில் ஆளைப் பிடிக்கிறார்களாமே?

சோற்றை மென்றால் இனிக்கிறதே, அது அமைலேஸ் நொதியின் கைங்கரியம். அது "இது எச்சில்" என்று சொல்லும். எச்சிலோடு வந்த கன்னத்து உட்தோல் செல் "இன்னாருடையது" என்று சொல்லும். கண்ட இடத்தில் துப்பாதீர். துப்பினால் துப்பு.

பெயர் வேண்டாம், ஜெகதாப்பட்டினம்: மொட்டைக் கடுதாசி போட்டவனைக் கண்டுபிடிக்க முடியுமா?

விரல் வியர்வையில் அமினோ அமிலம் உண்டு. காகிதத்தில் நின்ஹைட்ரின் பட்டால் ரேகை ஊதா நிறத்தில் எழும். கையெழுத்துப் போடாதவன் கைரேகை போட்டிருப்பான். பெயர் வேண்டாம் என்ற உமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆசிரியை, புதுக்கோட்டை: நம் மாவட்டத்தில் டி.என்.ஏ. பேசிய வழக்கு உண்டா?

உண்டு, நாடே பார்த்தது. விராலிமலை பக்கம் பாத்திமா நகர் ஆசிரமம். வாயிலிருந்து லிங்கம் வரவழைத்துக் காட்டிய பிரேமானந்தா மீது பாலியல் வன்கொடுமை, கொலைக் குற்றச்சாட்டு. கலைக்கப்பட்ட கருவை ஆராய்ந்த ஐதராபாத் விஞ்ஞானிகள் தகப்பன் அவர்தான் என்றார்கள். 1997-ல் புதுக்கோட்டை அமர்வு நீதிபதி பானுமதி இரட்டை ஆயுள் விதித்தார். 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. லிங்கத்துக்குக் கூட்டம் கூடியது, கருவுக்குக் கோர்ட் கூடியது.

பாம்பு என்றால் பயம், மீமிசல்: டி.என்.ஏ. சோதனைக்கும் பாம்புக்கும் சம்பந்தமாமே?

சத்தியம். விஞ்ஞானி லால்ஜி சிங் பட்டைக் கட்டுவிரியனின் டி.என்.ஏ.வில் கண்ட ஒரு துண்டை வைத்துத்தான் மனிதர்களைப் பிரித்தறியும் முறையை இங்கே உருவாக்கினார். 1989-ல் தலச்சேரி நீதிமன்றத்தில் ஒரு தந்தைமை வழக்கில் அவரே சாட்சி சொன்னார். பாம்பின் கால் பாம்பறியும். பிள்ளையின் அப்பனையும் பாம்பறியும்.

இரட்டையரில் மூத்தவர், திருப்புனவாசல்: தம்பி திருடினால் நான் மாட்டுவேனா?

ஒரு கரு இரட்டையர் என்றால் வழக்கமான டி.என்.ஏ. சோதனை கைவிரிக்கும், கைரேகை கைகொடுக்கும். தம்பி கையுறை போட்டால்தான் உமக்கு ஆபத்து.

கட்சித் தொண்டர், கட்டுமாவடி: தலைவருக்கும் எனக்கும் டி.என்.ஏ. எவ்வளவு வித்தியாசம்?

ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு. தடயவியல் தேடுவது அந்த ஒரு பங்குக்குள்தான். தலைவரின் கார், பங்களா அதில் வராது, தேடாதீர்.

ஓய்வுபெற்ற ஏட்டு, மீமிசல்: இவ்வளவு வித்தை இருந்தும் வழக்கு ஏன் தோற்கிறது?

ஏட்டய்யா, உமக்குத் தெரியாததா? சாட்சி பிறழும், மூலக்கூறு பிறழாது. ஆனால் அழுகும். ரத்த ஈரத்தோடு துணியை பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பாக்டீரியாவும் பூஞ்சையும் டி.என்.ஏ.வைத் தின்று ஏப்பம் விடும். உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். அது போலீஸ் வேலை. ஊர் வேலை ஒன்று இருக்கிறது: சம்பவம் நடந்த வீட்டுக்குள் கும்பலாக நுழையாதீர்கள், எதையும் தொடாதீர்கள், பாவம் பார்த்துத் தரையைக் கழுவாதீர்கள். வாசலில் நின்று 112-க்குப் போன் போடுங்கள்.