டேங்க்கா, லேக்கா? வீரசோழன் கண்மாய்க் கரையிலிருந்து ஓர் ஆய்வு

இயற்கையாய் அமைந்தது 'லேக்', மனிதன் கட்டியது 'டேங்க்' என்பார்கள் ஆங்கிலம் படித்தவர்கள். நரிக்குடிப் பக்கத்து வீரசோழன் ஊரில் செல்லுபடியாகும் இந்த இலக்கணம் கொடைக்கானலில் கவிழ்ந்துவிடுகிறது. அங்குள்ள ஏரி 1863-ல் லெவிஞ்சு துரை முயற்சியில் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. ஊட்டி ஏரியும் சல்லிவன் துரை கட்டியதுதான். ஆனாலும் இரண்டும் லேக். நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாயெல்லாம் பொதுப்பணித்துறைக் கோப்பில் டேங்க்.

இவ்வாய்வாளரின் துணிபு இது: தண்ணீரை வேடிக்கை பார்க்க ஆள் வந்தால் லேக்; தண்ணீர் வருமா என்று பார்க்க ஆள் வந்தால் டேங்க். கொடைக்கானல் கரையில் குதிரை, படகு, மிளகாய்த்தூள் தடவிய சோளக்கதிர். வீரசோழன் பக்கம் கரையில் நிற்கிறவருக்குக் கிருதுமால் நதியில் வைகைத் தண்ணி திறந்தார்களா என்பதே கவலை. திறக்காவிட்டால் உள்வாயெல்லாம் சீமைக்கருவேலம். திறந்து, பெருகி, நெல் அறுப்போடு வற்றிவிட்டால் ஊரே மீன்பிடிக் கூடையான ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கும்; கெளுத்தி முள் குத்திய கையை உதறிக்கொண்டே ஒருவர் அடுத்த மீனுக்குக் குனிவார். இந்தக் காட்சிக்கு 'லேக்' என்று பெயர் வைக்க எந்த வெள்ளைக்காரனுக்கும் மனம் வராது.

செம்பரம்பாக்கத்தைக் காட்டி மறுப்போர் உண்டு. பாசனத்துக்கான ஏரி அது. பழைய ஆவணங்களில் டேங்க்தான். சென்னை அதைக் குடிக்கத் தொடங்கியபின் லேக் ஆனது. 2015 வெள்ளத்தில் அந்தப் பெயரிலேயே செய்தியானது. இது மறுப்பல்ல, பதவி உயர்வு. மாம்பலத்தில் நடந்தது இன்னும் விசேஷம். அங்கிருந்த 'லாங் டேங்க்'கை 1920-களில் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். இன்று மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. வியூவில் வீடுகள்தான் தெரியும். ஆக, சொட்டுத் தண்ணீர் இல்லாமலும் லேக் ஆகலாம், மனை விலை ஏறியிருந்தால் போதும்.

டேங்க்கின் விதி வேறு. 1916-ல் இங்கிலீஷ்காரன் பீரங்கி வண்டி செய்து, எதிரிக்குத் தெரியாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று புளுகி, அந்தப் பெயரையே அதற்கு நிலைக்கவிட்டான்.

வீரசோழன்காரர்கள் இந்தச் சண்டையில் தலையிடுவதில்லை. அவர்களுக்குக் கண்மாய் கண்மாய்தான். டேங்க் மொட்டைமாடியில் இருக்கிறது. "ஏத்தா, டேங்க் நெறஞ்சு ஊத்துது, மோட்டார அமத்து" என்பது ஆய்வாளர் காதால் கேட்ட ஒரே சான்று. லேக் பற்றி விசாரித்தபோது பெரியவர் ஒருவர், "படகு விட்டா மாத்திருவாகளா தம்பி?" என்றார். மாற்றுவார்கள் என்றேன். "அப்ப மொதல்ல தண்ணிய விடச் சொல்லுங்க."