கிள்ளும் கையே தொட்டிலை ஆட்டும்

அமெரிக்க உடற்கட்டு உலகத்துக்கு இதயத்தின் மேல் இருக்கிற அக்கறையைப் பார்த்தால் கண்ணில் நீர் வரும். பின்பக்கத்துச் சதையில் டிரென்போலோன் என்ற ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டு ஊசியை ஏற்றிக்கொண்டு, அதே கையோடு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, கோ-க்யூ 10, என்-அசிட்டைல் சிஸ்டீன், மீன் எண்ணெய் என்று ஒரு கைப்பிடி மாத்திரையை விழுங்குகிறார்கள். இதற்கு அங்கே ‘சைக்கிள் சப்போர்ட்’ என்று பெயர். ஊசி போடும் வாரங்களில் இதயமும் ஈரலும் நோகாமல் பார்த்துக்கொள்ளுமாம்.

டிரென்போலோனுக்கு அமெரிக்காவில் அனுமதி உண்டு, மாட்டுக்கு. கசாப்புக்குப் போகிற மாட்டின் காதுத் தோலுக்கடியில் குளிகையாகப் பதிப்பார்கள்; எடை கூடும். அந்த மாட்டின் இதயம் என்ன ஆகும் என்று எவரும் கவலைப்பட்டதில்லை. அது கெடும் முன்பே மாடு தட்டுக்கு வந்துவிடும். ஜிம்முக்குப் போகிற பையனுக்குத்தான் அதற்குப் பிறகும் நாற்பது வருடம் உயிரோடு இருக்க வேண்டிய தொல்லை.

ஊசி மருந்துக்குப் பாரபட்சம் கிடையாது. புஜத்தில் இருப்பதும் தசை, நெஞ்சுக்கூட்டுக்குள் துடிப்பதும் தசை. இரண்டிலும் ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. புஜம் பருத்தால் கோப்பை. இதயம் பருத்தால் சுவர் தடித்து, விறைத்து, ரத்தத்தைத் தள்ளும் திறன் குறையும். அதற்கு எந்த மேடையிலும் கோப்பை தருவதில்லை.

மாத்திரை விற்கிறவர்களின் வாதம் சுலபமானது. ஸ்டீராய்டால் உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது, ஆன்டிஆக்சிடன்ட் அதைத் தணிக்கும், ஆகவே இதயம் பிழைக்கும். சில எலிச் சோதனைகளில் பலனும் தெரிந்திருக்கிறது. எலிகளுக்கு நம் வாழ்த்துகள். மனித உடலில் ஸ்டீராய்டு செய்கிற வேலை அந்த ஒன்றோடு முடிவதில்லை. 1989-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தினம் 6 மில்லிகிராம் ஸ்டானசோலால் மாத்திரை 6 வாரத்தில் எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பை 33 சதவீதம் சரித்தது. ஈரலில் சுரக்கும் லைப்பேஸ் நொதி மிதமிஞ்சி வேலை செய்து எச்.டி.எல்லைத் தீர்த்துக்கட்டுகிறது. வைட்டமின் சி போய் அந்த நொதியின் தோளைத் தட்டி, “போதும் தம்பி” என்று சொல்லுமா? சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டிப்படுவதை மீன் எண்ணெய் போய் நிறுத்துமா?

ஆன்டிஆக்சிடன்ட் இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையை மருத்துவ உலகம் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. இதயநோய் ஆபத்து உள்ள ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஹோப் ஆய்வு 2000-இல் வெளியானது. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, நாலரை வருடம், பலன் பூஜ்யம். அவர்களில் பலரைத் தொடர்ந்து கவனித்ததில், மாத்திரை தின்றவர்களுக்கு இதயச் செயலிழப்பு 13 சதவீதம் அதிகம் என்று 2005-இல் தெரிந்தது. 2008-இல் 14,641 அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் வைட்டமின் ஈயும் சியும் தோற்றன. இன்னொரு கூத்தும் உண்டு: எச்.டி.எல்லை உயர்த்த சிம்வாஸ்டாடினும் நியாசினும் கொடுத்த நோயாளிகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கலவையையும் சேர்த்துக் கொடுத்தபோது, வந்த பலனும் மழுங்கிப்போனது.

“அவர்கள் யாரும் டிரென் போட்டவர்கள் இல்லையே” என்பார்கள். சரிதான். டிரென் போட்டவர்களுக்கு இந்த மாத்திரை மாரடைப்பைத் தடுக்கிறதா என்று பார்த்த பெரிய ஆய்வைக் காட்டுங்கள் பார்க்கலாம். காட்ட ஒன்றுமில்லை. சோதித்துக் காட்டாமலே விற்கலாம் என்றிருக்கும்போது எந்த வியாபாரி காசைக் கொட்டிச் சோதிப்பான்?

விற்கலாம் என்று சொன்னது 1994-இல் வந்த அமெரிக்கச் சட்டம். துணை உணவு என்ற பெயரில் வருகிற சரக்கின் பலனை விற்பதற்கு முன் அரசிடம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ‘மாரடைப்பைத் தடுக்கும்’ என்று எழுதினால்தான் குற்றம். ‘இதய நலனுக்குத் துணை’ என்று எழுதினால் தர்மம். டப்பாவின் முன்பக்கத்தில் இந்த வாசகம் கொட்டை எழுத்தில் இருக்கும். திருப்பினால் பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் இன்னொன்று: இந்தக் கூற்றை உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, இது எந்த நோயையும் குணப்படுத்தவோ தடுக்கவோ அல்ல. முன்னால் ஆசீர்வாதம், பின்னால் முன்ஜாமீன்.

2017-இல் ‘சர்குலேஷன்’ இதழில் 140 பளுப்பயிற்சி ஆண்களின் இதயக் கணக்கு வந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறை தன்னுள் நிறைந்த ரத்தத்தில் வெளித்தள்ளும் பங்கு, ஸ்டீராய்டு தொடாத 54 பேரிடம் சராசரி 63 சதவீதம். போட்ட 86 பேரிடம் 52. ஆயுளில் எவ்வளவு அதிகம் போட்டார்களோ, அவ்வளவு அதிகம் கொழுப்புப் படிவு இதயத் தமனிகளில். அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்க உடற்கட்டு வீரர் டல்லஸ் மெக்கார்வர் இறந்தார். வயது 26. பிரேதப் பரிசோதனை மேசையில் அவருடைய இதயம் 833 கிராம். வழக்கமாக ஆணின் இதயம் அதில் பாதிகூட வராது. மூன்று நாள் கழித்து இன்னொரு உடற்கட்டு வீரர் ரிச் பியானா, 46 வயதில். ஸ்டீராய்டு போடுவதை ஒளிக்காமல் சொன்னவர். துணை உணவு நிறுவனமும் நடத்தியவர்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற இந்தப் பிழைப்பில் மாத்திரை இதயத்துக்காக இல்லை, மனசாட்சிக்காக. “சப்போர்ட் போட்டாச்சு, இன்னும் 200 மில்லிகிராம் ஏற்றலாம்” என்ற தைரியம்தான் டப்பாவுக்குள் இருக்கிற ஒரே வீரியமான மருந்து. அது குறைவில்லாமல் வேலை செய்கிறது. அடுத்த ஊசியை விற்றுக் கொடுக்கிறது.

உண்மையில் வேலை செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. நெதர்லாந்தில் ஸ்டீராய்டு போட்ட 31 பேரின் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். போடும்போது சுவர் கனத்தது, தள்ளும் திறன் 5 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஊசியை விட்டுச் சுமார் 8 மாதம் கழித்துப் பார்த்தால் பழைய நிலை. நிறுத்தினார்கள், தேறியது. வருடக்கணக்கில் போட்டவனுக்கு இந்த அதிர்ஷ்டம் உறுதியில்லை. தமனியில் படிந்த கொழுப்பு கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடாது. இருந்தாலும் கையில் இருக்கிற நல்ல மருந்து அது ஒன்றுதான். அதற்கு விளம்பரம் இல்லை, தள்ளுபடி இல்லை, மார்பை விரித்து நிற்கிற மாடல் இல்லை, ஏனென்றால் அதில் ஒருவனுக்கும் கமிஷன் இல்லை.

ஆகவே வியாபாரிகளே, இரண்டில் ஒன்று. உங்கள் சரக்கு இதயத்தைக் காக்கும் என்றால் ஸ்டீராய்டு போட்டவர்களை வைத்தே சோதித்து, முடிவை முன்பக்கத்தில் அச்சடியுங்கள். அந்தத் துணிச்சல் இல்லையென்றால் ‘இதயம்’ என்ற சொல்லை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். இருபத்தாறு வயதில் சாகிற உலகத்தில் அந்தச் சொல்லை வைத்துக் காசு பார்ப்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, பிணத்தின் நெற்றிக் காசைத் திருடுவது.