கூம்பு சாய்ப்பியல்: விஸ்வநத்தத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

நோக்கமும் களமும்

சிறு பாய்மரப் படகின் கூம்பை, அதாவது பாய்மரத்தை, ஓர் ஆள் தனியாக நிமிர்த்தவும் சாய்க்கவும் எளிய வழி காண்பதே இவ்வாய்வின் நோக்கம். கள எல்லை, சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம். இவ்வூரில் கடல் இல்லை. கண்மாயிலும் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் இராது. படகு இல்லாமை தனி ஆய்வேட்டுக்கு உரியது. கடலோர ஊர்களை வேண்டுமென்றே விலக்கினோம். என்னை? அங்கே பாய்மரத்தைப் பற்றி எல்லாருக்கும் ஏதாவது தெரிந்திருக்கிறது. விஷயம் தெரிந்தவர் நடுவே ஆராய்வது நடுநிலைக்கு ஊறு என்க.

முன்னோர் ஆய்வு

இத்துறையின் தலையாய சான்று, சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றின் 30ஆம் பாட்டு. கூம்பையும் பாயையும் களையாமல், சுமையையும் குறைக்காமல், அப்படியே புகாருக்குள் நுழைந்த பெருங்கலம் ஒன்று அதில் வருகிறது. களையாததைப் பெருமையாகச் சொன்னதால், மற்றக் கலங்கள் களைந்துகொண்டுதான் நுழைந்தன என்பது தானே பெறப்படும். ஆகவே உலகில் முதன்முதல் பாய்மரத்தைச் சாய்த்தவன் தமிழனே. இம்முடிவு இங்கேயே நிறுவப்படுகிறது. சான்று பின்னர்த் தேடப்படும்.

அதே பாட்டின் தொடக்கம், ஞாயிற்றின் ஓட்டத்தையும் காற்றின் திசையையும் வெற்று வானத்தையும் நேரில் போய் அளந்து வந்தவர்போல ‘இவ்வளவு’ என்று சொல்லிவிடுகிறவர்களைப் பற்றியது. ஆய்வாளர்களைப் புலவர் அன்றே பார்த்திருக்கிறார். எனினும் அவ்வடிகள் நம் பொருளோடு தொடர்பற்றவை என்பதால், கருத்தரங்கக் கட்டுரைகளில் அவற்றைத் தாண்டிச் செல்வதே மரபு.

வகைப்பாடு

1. கைம்முறை. கட்டுமரக்காரர் மரத்தைக் கையால் தூக்கி நடுவர், கையால் பிடுங்குவர். கோட்பாடு ஏதும் இல்லாமையால் இது இத்துடன் விடப்படுகிறது.

2. கயிற்று முறை. படுத்திருக்கும் மரத்தின் நுனியில் கயிறு கட்டி, அணியத்தில் (படகின் முன்தலையில்) நின்று இழுத்தல். மரமும் கயிறும் ஒரே கோட்டில் கிடப்பதால் இழுக்கிற விசை முழுதும் மரத்தின் அடியைத்தான் அழுத்தும், நுனி எழாது. எழுப்பத் தேவையான விசை, கணக்குப்படி முடிவிலி. ஊர் கூடித் தேர் இழுக்கலாம், இதை இழுக்க முடியாது.

3. துணைக்கம்பு முறை. மரத்தின் அடியில் அதற்குச் செங்குத்தாக ஒரு குட்டைக் கம்பை நிறுத்தி, நுனிக் கயிற்றை அதன் தலையில் கட்டி, அங்கிருந்து முன்பக்கம் இழுத்தல். 6 மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் உள்ள சீரான மரத்துக்கு 2 மீட்டர்த் துணைக்கம்பு வைத்து, அடியிலிருந்து 2 மீட்டர் முன்னே தள்ளி இழுத்தால், தொடக்கத்தில் ஏறத்தாழ 42 கிலோ பாரம் வரும். அசையும் கப்பி ஒன்று சேர்த்தால் அது 21 ஆகும். மரம் எழ எழப் பாரம் குறையும். மரம் பக்கவாட்டில் சரியாமல் பிடிக்கும் கயிறுகளின் கீழ்க்கட்டு, மரம் அடியில் சுழலும் கீலின் அச்சுக்கோட்டிலேயே இருக்க வேண்டும். விலகினால் பாதி வழியில் கயிறு விறைத்து மரத்தை நிறுத்திவிடும், அல்லது தளர்ந்து கைவிட்டுவிடும். இவ்வியல் பயன்படக்கூடியதாக இருப்பதால் சுருக்கப்பட்டது.

4. எதிரெடை முறை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி ஆறுகளில் ஓடிய ‘வெரி’ படகுகளில், கீலுக்குக் கீழே நீளும் அடிமரத்தில் கனத்த எடை வைத்திருப்பர். பாலம் வந்தால் மரத்தைச் சாய்த்து, கடந்ததும் நிமிர்த்துவர். ரயில்வே கேட்டின் கட்டையும் இதே இனம். கேட் திறக்கும்வரை அதை ஆராயப் போதிய அவகாசம் கிடைக்கும்.

5. பாலத்தைத் தூக்கும் முறை. மரத்தைச் சாய்க்க மனமில்லாதவர்க்கு உரியது. பாம்பனில் 1914ஆம் ஆண்டுப் பாலம் கப்பலுக்காக இரண்டு கைகளாகப் பிரிந்து எழுந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் இடைப்பகுதி அப்படியே மேலே போகிறது. வசதியுள்ள படகுக்காரர் இம்முறையைப் பரிசீலிக்கலாம்.

6. இடிதாங்கி. பட்டாசு ஆலைகளில் நிற்பது. நிமிர்த்தலாம், சாய்க்கலாகாது. இவ்வியல் முற்றிற்று.

7. கொடிக்கம்ப முறை. கடலற்ற ஊரில் பாய்மரத்தின் இடத்தை வகிப்பது கட்சிக் கொடிக்கம்பம். கடலோரத்தில் பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். இங்கே அந்தக் கயிற்றில் கொடி ஏறுகிறது. உச்சியில் கப்பி உண்டு. காற்றடிக்கும் பக்கம் திரும்பும் இயல்பும் உண்டு; இது துணிக்கு மட்டும் உரிய இயல்பா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது.

கம்பத்தின் அமைப்பாவது: சிமெண்டுப் பீடத்தில் பதித்த இரண்டு இரும்புச் சட்டம், அவற்றின் நடுவே கம்பம், குறுக்கே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு போல்ட். கம்பத்தைச் சாய்க்க ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். எந்தப் போல்ட்டை? இவ்வினாவில்தான் இத்துறை இரண்டாகப் பிளந்தது.

மேலாணியர் கூறுவது: மேல் போல்ட்டைக் கழற்றுக, கம்பம் கீழ் போல்ட்டில் சுழன்று தரையோடு படுக்கும், அதுவே முழுமையான சாய்வு (டீக்கடைப் பெஞ்ச், இடது மூலை, இரண்டாம் டம்ளர்). கீழாணியர் இதை மறுப்பர்: கீழ் போல்ட்டைக் கழற்றினால் கம்பம் மேல் போல்ட்டில் சுழலும், அடித்துண்டு வெளியே எழும்பித் தானே எதிரெடையாகும், கம்பம் இடுப்புயரத்தில் கிடப்பதால் பெயிண்ட் அடிக்கக் குனிய வேண்டாம் (மேற்படி பெஞ்ச், வலது மூலை, வடைக்குப் பின்).

குனிவது தொண்டனின் கடமை என்பது மேலாணியர் மறுமொழி (வெல்டிங் பட்டறைச் சுவர், கரிக்கட்டி எழுத்து, மழைக்கு முந்தைய பாடம், ‘குனிவது’ என்ற இடத்தில் சைக்கிள் சாத்தியிருப்பதால் ‘பணிவது’ என்றும் கொள்வர்). குனிந்தவர் எவரும் பிறகு நிமிர்ந்ததில்லை என்று கீழாணியர் அதற்கும் விடை இறுத்தனர் (தினசரி காலண்டர்த் தாள், கிழித்தது, பின்பக்கப் பென்சில் குறிப்பு, முன்பக்கம் சந்திராஷ்டமம் என்றிருப்பதால் அன்றைய முடிபு செல்லாது என்னும் இடைச்செருகலுடன், எலி கொறித்து எஞ்சிய பாதியிலிருந்து, கண்ணாடியை வீட்டில் மறந்த ஒருவர் எடுத்த நகல், மூலம் அதே தாளில் முறுக்கு மடித்துக் கொடுத்த வகையில் மறைந்தது). மூலம் கிடைக்காமையே அதன் தொன்மைக்குச் சான்று.

இரண்டு போல்ட்டையும் கழற்றும் இருவாணியர் என்று மூன்றாம் பள்ளியாரும் இருந்தனர். ஓரிரவில் கம்பத்தோடு சேர்ந்து அவர்களும் மறைந்தமையால் அவர்தம் கொள்கை விரிவாகத் தெரியவில்லை. அவர்களுடைய மூலநூலைப் பழைய இரும்புக் கடைகளில் தேடுதல் தகும்.

2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை 12 வாரத்துக்குள் அகற்றச் சொன்னது. சாய்ப்பியலுக்கு இவ்வளவு பெரிய ஆதரவு இதற்கு முன் கிடைத்ததில்லை. எனினும் எந்தப் போல்ட்டை முதலில் கழற்றுவது என்பதைத் தீர்க்காமல் விட்டதில் இரு பள்ளியாருக்கும் ஒருங்கே மனக்குறை. இதைத் தீர்க்க இரண்டு நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றே வழி: பதிவுக் கட்டணம், கைப்பை, சான்றிதழ், ஐஎஸ்பிஎன் எண்ணுடன் தலையணை அளவுத் தொகுப்பு. கட்டுரை வாசிப்போரே கேட்போராகவும் இருப்பதால் அரங்கு நிறைந்தே இருக்கும். தம் கட்டுரை முடிந்ததும் அவரவர் பேருந்துக்குப் போய்விடுவதால் விவாதமும் சுமுகமாக முடியும். பன்னாட்டுத் தகுதிக்கு இலங்கையிலிருந்து ஒருவர் இணையவழி வாழ்த்தினால் போதும்.

களஆய்வு

பீடத்தருகே நின்று குறிப்பெடுக்கையில், பட்டறைக்காரர் ஒருவர் தாமாகவே ஒரு கருத்தைக் கூறினார். பேச்சு வழக்கிலேயே தருகிறோம்: “அண்ணாச்சி, மேல கீழன்னு எதுக்கு அடிச்சுக்கிடுதிய? ரெண்டு போல்ட்டும் துருவேறி இறுகிக் கெடக்கு. எண்ணெய விட்டு ஒரு ராத்திரி ஊறப் போடுங்க. பொறவு எதக் கழத்துனாலும் வரும்.”

இக்கூற்றில் மேற்கோள் இல்லை. கோட்பாட்டுச் சட்டகம் இல்லை. இரு பள்ளியாருள் எவரையும் மறுக்கவுமில்லை. ஆகவே ஆய்வேட்டின் உடலில் இதைச் சேர்க்க இயலவில்லை. நன்றியுரையில், தட்டச்சுச் செய்தவருக்கு அடுத்த வரியில் அவர் தொழில் குறிப்பிடப்படும்.

தொகுப்புரை

போல்ட்டுகள் துருவேறியிருப்பது உண்மையாயின் எண்ணெய் தேவைப்படலாம். எந்த எண்ணெய் என்பது பின்வரும் ஆய்வாளர்க்கு விடப்படுகிறது. விளக்கெண்ணெய் என்று எம் நெறியாளர் கருதுகிறார். அதில் அவருக்கு நெடுநாள் அனுபவம் உண்டு.